மல்லிகை என்று நினைத்தார் ராஜா

முன்னொரு காலத்தில், ஆற்று மீன் சாப்பிட்ட பிறகே ராஜா சாப்பிடுவது என்று ஒரு வழக்கம் இருந்த நாடு அது, கண்ணுகளா. தினமும் இல்லை, ராஜாவின் பிறந்த நட்சத்திரத்தன்று மட்டும். அன்று விடிந்ததும் அவர் அரண்மனைப் படித்துறையில் இறங்கி ஒரு பிடி பொரியைத் தண்ணீரில் தூவுவார். கெண்டையும் விராலும் முண்டியடித்துக்கொண்டு வந்து கொத்தும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் ராஜாவின் வாயில் பருக்கை படலாம். அவர் சாப்பிடும்வரை சபையில் ஒருவரும் சாப்பிடக் கூடாது.

அந்த வருஷம் ராஜாவுக்குச் சிவப்பின் மேல் ஆசை வந்துவிட்டது. யாரோ ஒரு வியாபாரி கொண்டுவந்த சிவப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தார், அவ்வளவுதான்.

"பிறந்தநாளன்று என் கண்ணில் படும் துணியெல்லாம் இதே சிவப்பாக இருக்க வேண்டும்" என்றார்.

"ஆகட்டும், மகாராஜா" என்றார் பிரதானி வரகுணர். எப்படி ஆகும் என்று ராஜா கேட்கவில்லை. பிரதானியும் சொல்லவில்லை.

பிறந்தநாள் வந்தது. பந்தல் சிவப்பு, பல்லக்குத் திரை சிவப்பு, யானையின் முதுகுத் துணி சிவப்பு, சபையார் அத்தனை பேரும் சிவப்பு. ராஜா பூரித்துப்போய்ப் படியிறங்கிப் பொரியைத் தூவினார். பொரி மிதந்தது. ஒரு வாயும் மேலே வரவில்லை.

அப்போது மேற்கே இருந்து வெள்ளை வெள்ளையாக ஏதோ மிதந்து வந்தது. நமக்காக யாரோ மல்லிகையைக் கொட்டிவிட்டிருக்கிறார்கள் என்று ராஜா சிரித்த முகமாக நின்றார். பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. அத்தனையும் மீன்களின் வயிறு.

ஆற்றின் அகலத்துக்கும் மீன். உள்ளங்கை நீளக் கெண்டை, தொடை அளவு கனத்த வாளை, விரல் போன்ற அயிரை. சில இன்னும் சாகவில்லை, வாயைத் திறந்து திறந்து மூடின. ஒரு காக்கை இறங்கி ஒன்றைக் கொத்தியது. கொத்தியதைத் துப்பிவிட்டுப் பறந்தது. மேளக்காரர்கள் தாமாகவே நிறுத்திவிட்டார்கள். தூவிய கையை மடக்கக்கூடத் தோன்றாமல் ராஜா அப்படியே நின்றார்.

"நஞ்சங்காயை அரைத்துக் கலக்கியிருக்கிறார்கள், மகாராஜா. வலைக்காரத் தெருவின் வேலை" என்று பிரதானி அவர் காதருகே சொன்னார்.

அதிர்ந்துபோன மனசு முதலில் கேட்டதைப் பிடித்துக்கொள்ளும் அல்லவா? "வலைகளைக் கொளுத்துங்கள். அந்தத் தெருவே எல்லை தாண்டிப் போகட்டும்" என்று ராஜா சொல்லிவிட்டார்.

தெருத் தலைவன் தவசியைக் கயிற்றில் கட்டி இழுத்து வந்தார்கள். அவன் பின்னாலேயே அவன் மனைவி அங்காயி, இடுப்பில் ஒரு பானையோடு ஓடிவந்தாள்.

"சாமி, நாங்க கொன்னிருந்தா கூடை கூடையா அள்ளியிருப்போம்ல? ஒத்த மீனக்கூடத் தொடலியே. இந்தா பாருங்க, வீட்டுப் பானையில உசுரோட கிடந்த விராலு. காலையில ஆத்துத் தண்ணி மாத்தி ஊத்துனேன், செத்துப்போச்சு. என் பானையில நானே நஞ்சு போடுவேனா?"

"நன்றாகப் பேசுகிறாள்" என்றார் பிரதானி.

"நன்றாகத்தான் பேசுகிறாள், உங்கள் பதிலைத்தான் காணோம்" என்று ஒரு குரல் வந்தது. பந்தல் தூணுக்குப் பின்னால் அழுக்கு வேட்டியின் நுனி தெரிந்தது. சபையின் விகடன் சோணாசலம்.

"நீ ஏன் சிவப்பு கட்டவில்லை?" என்றார் ராஜா.

"கண்ணில் படும் துணிதானே சிவப்பாக இருக்கச் சொன்னீர்கள், மகாராஜா? அதனால்தான் கண்ணில் படாமல் நிற்கிறேன்."

வேறொரு நாளாக இருந்தால் ராஜா சிரித்திருப்பார். அன்று சிரிக்கவில்லை. "இவர்களுக்குப் பரிந்து பேசுகிறாய். அப்படியானால் கொன்றவனை விலங்கு மாட்டி என் முன்னால் நிறுத்து. இன்று நான் சாப்பிடுவதற்குள். முடியாவிட்டால் நீயும் இவர்களோடு எல்லை தாண்டு."

சோணாசலம் காவலனிடம் ஒரு சங்கிலியை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான். அதைத் தவிர வேறெதுவும் செய்யாமல் படியில் உட்கார்ந்துவிட்டான்.

ராஜா சாப்பிடுவதற்குள் என்றதும் பிரதானிக்குக் கொண்டாட்டம். அவர் சீக்கிரம் சாப்பிட்டுவிட்டால் கெடு முடிந்துவிடும் அல்லவா? அரண்மனைக் குளத்து மீன்களை அண்டாவில் பிடித்துவரச் சொல்லி, படித்துறையிலேயே கொட்டச் செய்தார். மீன்கள் துள்ளின. ராஜா பொரி தூவினார். ஒரு பெரிய கெண்டை மேலே வந்து ஒரு பொரியைக் கவ்வியது.

கவ்விய வாயோடு மல்லாந்தது.

பிறகு ஒவ்வொன்றாக எல்லாம் மல்லாந்தன. சபையில் யாரோ ஒருவர் முகத்தை மூடிக்கொண்டார். தவசியின் கைகளோ பின்னால் கட்டப்பட்டே கிடந்தன.

"இப்போது யார் நஞ்சு கலந்தது, பிரதானியாரே?" என்று சோணாசலம் மெதுவாகக் கேட்டான். பிறகு ராஜாவைக் கும்பிட்டான். "மீன் இன்னும் சாப்பிடவில்லை, மகாராஜா. எந்தத் துறை மீன் என்று வழக்கத்தில் இல்லை. ஆறு நீளம்தானே? மேலே போய்ப் பார்க்கலாம்."

ராஜா பொரிக்கூடையோடு நடந்தார். பின்னால் பசியோடு சபை, அதற்கும் பின்னால் தவசியும் அங்காயியும். வண்ணார் துறையில் தூவினார், மீன் பிணம். யானை குளிக்கும் துறையில் தூவினார், பிணம். வெயில் ஏறியது.

"மீன் சாப்பிட்டதென்று சொல்லிவிட்டால் என்ன? மீனா வந்து இல்லை என்று சொல்லப் போகிறது?" என்று சபையார் ஒருவர் முனகினார்.

ஓடத்துறை தாண்டியதும் பிரதானி குறுக்கே வந்து நின்றார். "இதற்கு மேல் பாதையே கிடையாது, மகாராஜா. வெறும் முள்."

"முள்ளுக்குள் வண்டித்தடம் எப்படிப் போகிறது?" என்றான் சோணாசலம். "அதுவும் உங்கள் வீட்டு வண்டி. ஒரு சக்கரம் கோணல், எங்கே பார்த்தாலும் தெரியும்."

தடத்தோடு போனார்கள். தாழம்புதருக்கு அப்பால் ஒரு பெரிய சாயச்சாலை. வரிசையாகத் தொட்டிகள், கொடியெங்கும் சிவப்புத் துணி. தொட்டி கழுவிய காரத்தண்ணீர் நுரை கக்கிக்கொண்டு ஒரு கால்வாயில் ஓடி ஆற்றில் விழுந்தது. ஊருக்கு வருவதற்குள் சிவப்பு மங்கிவிடும், காரம் மங்காது. கால்வாய்க் கரையில் ஒரு புல் கூட இல்லை. துணி முக்குகிறவர்களின் கைகளைப் பார்த்துவிட்டு ராஜா வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். தோல் உரிந்து கிடந்தது.

பிறகு கால்வாய் விழும் இடத்துக்கும் மேலே சென்று, ஆற்றில் ஒரு பிடி தூவினார். தண்ணீர் கொதிப்பதுபோல மீன்கள் எழும்பின. பொரி விழுந்த இடம் தெரியவில்லை.

"மகாராஜா ஆசைப்பட்டதைத்தானே நான் செய்தேன்" என்றார் பிரதானி.

"பிரதானியார் இன்று சொன்னதில் இது ஒன்று நிஜம்" என்றான் சோணாசலம். ராஜாவிடம் உத்தரவு கேட்டு, அவர் தோளிலிருந்த சிவப்புச் சால்வையை எடுத்தான். சுருட்டினான், சங்கிலியால் இறுக்கிக் கட்டினான், அவர் காலடியில் வைத்தான். "கொன்றதை விலங்கோடு நிறுத்திவிட்டேன்."

"இதுவா?"

"இதற்காகத்தான் தொட்டி, இதற்காகத்தான் கால்வாய்."

ராஜா குனிந்து சால்வையைப் பார்த்தார். "இதைப் போர்த்தியிருந்தவன்?"

"அவரைக் கட்ட எனக்கு அதிகாரம் கிடையாது, மகாராஜா. தவிர அவர் காலையிலிருந்து பட்டினி."

ராஜா போய்த் தவசியின் கயிற்றைத் தம் கையாலேயே அவிழ்த்தார். அவிழ்க்கத் தெரியவில்லை; அங்காயிதான் முடிச்சைக் காட்டினாள். "விடுங்க சாமி, வலை முடிச்சு மாதிரி இல்ல இது" என்றாள்.

மீன் சாப்பிட்டாயிற்று. கட்டுச்சாதம் பிரித்தார்கள். பசி தாங்காத பிரதானி முதல் ஆளாகக் கையை நீட்டினார். சோணாசலம் அந்தக் கையில் ஒரு பிடி பொரியை வைத்தான்.

"அந்தச் சோறு ராஜாவின் மீன் சாப்பிட்டதற்கு, பிரதானியாரே. உங்கள் மீன் இன்னும் சாப்பிடவில்லையே" என்று கால்வாய் விழும் இடத்தைக் காட்டினான்.

பொரியும் கையுமாகப் பிரதானி விழித்த விழிப்பைப் பார்த்து ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணில் நீரோடு சிரித்தார். "அதுவே தீர்ப்பு" என்றார். "இந்த இடத்தில் மீன் வந்து கொத்தும்வரை உமக்குச் சோறு கிடையாது."

பயப்படாதீர்கள், கண்ணுகளா, கஞ்சித் தண்ணீருக்குத் தடையில்லை. அன்றைக்கே பிரதானி மண்வெட்டியை வாங்கிக் கால்வாயைத் தாமே அடைக்கத் தொடங்கினார். அவர் அத்தனை வேகமாக வேலை செய்து அந்த நாட்டில் யாரும் பார்த்ததில்லை.

"உனக்கு என்ன வேண்டும்?" என்று சோணாசலத்தை ராஜா கேட்டார்.

"வருஷத்துக்கு ஒரு நாள் மட்டும் மீன் முதலில் சாப்பிடுகிறது, மகாராஜா. தினமும் சாப்பிடட்டும். நம் படித்துறையிலேயே."

ராஜா கழுத்து மாலையைக் கழற்றி அவனுக்குப் போட்டார், கேட்டதையும் கொடுத்தார். படித்துறைக்கு மீன் திரும்பும்வரை, சாப்பாட்டுக்காகத் தினமும் மேலாற்றுக்கு நடந்து ராஜா இளைத்துப்போனார். அந்த நடையில் ஆற்றுக்கரையில் இருந்த எந்தத் தொட்டியும் அவர் கண்ணுக்குத் தப்பவில்லை.

பெருமழை இரண்டு கழிந்து ஒரு காலையில், அரண்மனைப் படித்துறை ஓரத்தில் ஓர் அயிரை நெளிந்தது. முதலில் பார்த்தவள் அங்காயி. தோளில் வலை இருந்தது. அவள் அதை வீசவில்லை. மடியிலிருந்து பொரியை எடுத்து எறிந்துவிட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அயிரை கொத்தியது. நீந்திப் போயிற்று.

கதை கரையேறிவிட்டது, கண்ணுகளா. பசியோடு கேட்டுக்கொண்டிருந்தீர்கள். போய்ச் சாப்பிடுங்கள்.