இரண்டு நுங்கும் ஒரு ரப்பர் பாயும்

மார்த்தாண்டம் பக்கம் ரப்பர் பாய் செய்கிற பட்டறை வைத்திருந்தார் யேசுவடியான். மாட்டுத் தொழுவத்தில் விரிக்கிற பாய். நரைத்த தலையோடு அவர் சீடரானார் என்றால், குரு பெல்சி டீச்சருக்கு அவர் மகள் வயதுதான். பட்டறை பட்டறையாகப் போய், எதையும் சோதித்துப் பார்த்துச் சரிசெய்யக் கற்றுக்கொடுப்பது டீச்சரின் வேலை.

அன்று மதியம் யேசுவடியானின் முகத்தில் ஈயாடவில்லை.

“சாயங்காலம் பால்பண்ணைக்காரர் வாறாரு டீச்சர். பாய் கிழிஞ்சா ஆர்டர் போச்சு. பட்டறையைப் பூட்ட வேண்டியதுதான்.”

“சோதிச்சுப் பார்த்தீங்களா அண்ணாச்சி?”

“பார்க்காமலா? ஒரு பாயை அச்சுல கொஞ்ச நேரமே வேகவிட்டேன். இன்னொண்ணை ரொம்ப நேரம். ரெண்டும் ஒண்ணுபோலக் கிழியுது. நேரத்துக்கும் உறுதிக்கும் சம்பந்தமே இல்லை. ரப்பர் பால்தான் மோசம்.”

டீச்சர் வாசலில் நுங்கு விற்றவரிடம் போய் மெதுவாக ஏதோ சொல்லி, இரண்டு காய் வெட்டி வாங்கிவந்தார்.

முதல் காயில் யேசுவடியான் விரலை விட்டார். வெறும் தண்ணீர் ஒழுகியது. அடுத்தது முற்றிக் கல்லாகியிருந்தது, கடித்திருந்தால் பல் போயிருக்கும். இரண்டையும் ஒதுக்கிவைத்தார்.

“ரெண்டும் ஆகலையா?”

“எப்படி ஆகும்? ஒண்ணு பிஞ்சு, ஒண்ணு முத்தல்.”

“அப்போ நாளுக்கும் நுங்குக்கும் சம்பந்தமே இல்லை. பனைமரம்தான் மோசம்.”

யேசுவடியானுக்குச் சிரிப்பு வரவில்லை. கையைக்கூடக் கழுவாமல் அச்சுக்கு ஓடினார். அந்த இரண்டு நேரத்துக்கும் நடுவில் ஒரு பாயை வேகவைத்து எடுத்தார். அது ஆறும்வரை அவருக்கு இருப்புக்கொள்ளவில்லை. பிறகு ஒரு முனையை மிதித்துக்கொண்டு மறுமுனையைப் பிடித்து இழுத்தார். நுங்குக்காரரையும் கூப்பிட்டு, இரண்டு பேராக இழுத்துப் பார்த்தார்கள். பாய் கிழியவே இல்லை.

அப்பாடா என்று அந்தப் பாயின் மேலேயே உட்கார்ந்துவிட்டார் மனுஷர். கண் கலங்கியது. அதைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

“டீச்சர், சுவர்ல பெயிண்ட்டால எழுதி வைக்கப்போறேன். நடு நேரம்தான் உச்சம்னு. எனக்குப் பிறகும் எவனும் மாத்தக் கூடாது.”

நுங்குக்காரரிடம் வாங்கிய பதமான நுங்கு ஒன்றை டீச்சர் அவர் கையில் வைத்தார்.

“பால்பண்ணைக்காரர்கிட்ட தைரியமா பாயைக் காட்டுங்க அண்ணாச்சி. பெயிண்ட் மட்டும் இப்ப வாங்காதீங்க. உறுதிக்கு நடுவுல ஒரு மேடு இருக்குன்னுதான் தெரிஞ்சிருக்கு. உச்சி இந்த நேரத்துக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமான்னு இன்னும் ரெண்டு பாயைக் கேட்டுட்டு வாங்கிக்கலாம்.”