சாட்சி சொன்ன நேரம்

மருத்துவ நுழைவுத் தேர்வு. மூன்று மணி நேரம், நூற்றெண்பது கேள்வி. இரண்டு மணிக்குத் தர வேண்டிய வினாத்தாள் கட்டு அந்த அறைக்கு இருபது நிமிஷம் தாமதமாக வந்தது. கண்காணிப்பாளர் தீனதயாளன் அதை ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. கட்டைப் பிரிக்குமுன் தேர்வெழுத வந்தவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். முதல் பெஞ்சில் இருந்த கோகிலவாணியைக் கூப்பிட்டார்.

"படிச்செல்லாம் பார்க்காதே, சட்டுனு போடு."

அவள் கல்குவாரித் தொழிலாளியின் மகள். இது மூன்றாவது முயற்சி, இதோடு சரி என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். படிவத்தை வாங்கிப் போட்டாள்.

கடிகாரம் ஐந்தைத் தொட்டதும் அவள் விடைத்தாளைத்தான் முதலில் பிடுங்கினார். இன்னும் இருபத்தேழு கேள்வி பாக்கி.

"சார், எங்களுக்கு இருபது நிமிஷம் வரணும்."

"இரண்டு மணிக்கே கொடுத்தாச்சு. இல்லேங்கிறதுக்கு சாட்சி இருக்கா?"

"நான்தான் சார் சாட்சி. அந்தப் படிவத்தை எடுத்துப் பாருங்க."

பார்த்தார். அவள் கையெழுத்துக்குப் பக்கத்தில் 'பிரித்த நேரம் 2.20' என்று அவளே எழுதியிருந்தாள். அதன் கீழே, படித்துப் பார்க்காமல் அவர் போட்ட கையெழுத்து. படிவத்தை மடித்து வைத்துவிட்டு அறையைப் பார்த்தார்.

"சரி, எல்லாரும் ஐந்து இருபது வரைக்கும் எழுதுங்க."

கோகிலவாணி கையை நீட்டினாள்.

"வாங்கின விடைத்தாளைத் திருப்பித் தர விதியில இடமில்லைம்மா" என்றார். அந்த விதியை மட்டும் படித்திருந்தார்.

அறையில் இருபத்துமூன்று பேனாக்கள் ஓடின. தான் வாங்கிக் கொடுத்த இருபது நிமிஷமும் தீரும்வரை, அவள் வெறுங்கையோடு கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.