மார்கழியில் மொட்டையடிச்ச ஆடுகள்

மலைக்குக் கீழ ஒரு ஊர்ல ஒரு மாளம்மா இருந்தா. அவளுக்கு ஒரு பொண்ணு, பேரு பொம்மி. உன் வயசுதான் இருக்கும். புருஷன் காய்ச்சல்ல போயிட்டான். மிச்சம் இருந்தது பட்டி நிறைய செம்மறி ஆடு. அத்தை சொல்லச் சொல்ல நீ "ம்" சொல்லிக்கிட்டே வரணும். சொல்லலைன்னா தூங்கிட்டேன்னு நெனச்சு நிறுத்திடுவேன்.

ம்.

அந்த ஊர்ல எல்லாருக்கும் ஒரே வேலைதான். ஆட்டு முடியக் கத்திரிப்பாங்க, கறுக் கறுக்னு. வில்லால அடிச்சுப் பஞ்சாக்குவாங்க, டொய்ங் டொய்ங்னு. அப்புறம் நூலா நூத்துத் தறியில கம்பளி நெய்வாங்க, டொக் டொக்னு. கடைசியில புளியங்கொட்டைய அரைச்சுக் காய்ச்சின கஞ்சியத் தடவிக் காயவச்சா, கம்பளி வெறைப்பா நிக்கும். மழைத்தண்ணி இறங்காது. ஆனா மார்கழி பொறந்தா மட்டும் கத்திரியத் துணியில சுத்திப் பரண்மேல போட்டுடுவாங்க. அந்தக் குளிர்ல ஆட்டுக்கு அதோட முடிதானே சட்டை!

அப்போ கடலுக்கு அந்தப் பக்கம் ரெண்டு ராஜாக்களுக்குள்ள பெரிய சண்டை மூண்டுச்சு. டமால், டுமீல்! அங்க பனி கொட்டுமாம். சிப்பாய்ங்க எல்லாம் குளிர்ல வெடவெடன்னு நடுங்குறாங்களாம். ஒரு நாள் இந்த ஊருக்குள்ள குதிரை வண்டியில ஒரு தரகர் வந்தாரு, ஜல் ஜல்னு.

"கம்பளி எவ்வளவு இருக்கு? அத்தனையும் எனக்குத்தான்"ன்னாரு.

இருந்த கம்பளி எல்லாம் போச்சு, கை நிறைய காசு வந்துச்சு. பொம்மிக்குப் புதுப் பாவாடை. காலுக்குக் கொலுசு.

அப்புறம் ரெண்டாவது தடவை வந்தாரு. "சண்டை பெருசாயிடுச்சு. விலை ரெண்டு பங்கு தரேன். நீங்க ஏன் ராகி வெதைச்சுக்கிட்டு, களை பறிச்சுக்கிட்டு? அந்த நேரத்துல நெய்யுங்களேன்! ராகியக் காசு குடுத்து வாங்கிக்கலாம்." ஊரும் யோசிச்சுப் பார்த்துச்சு. சரிதான்னு தோணுச்சு. கொல்லையெல்லாம் தரிசாக் கெடந்துச்சு.

பக்கத்து வீட்டுக் கெம்பன் ஒரு வாயாடி. அவன் கோயிலுக்குப் போயி, கற்பூரம் ஏத்தி, "சாமி, அந்த ராஜாக்கள் ராசியாகவே கூடாது, நீதான் பார்த்துக்கணும்"னு சத்தமா வேண்டிக்கிட்டான். எல்லாரும் விழுந்து விழுந்து சிரிச்சாங்க. சிரிச்சுட்டு, அவங்களும் கும்பிட்டாங்க. மாளம்மாவும் கும்பிட்டா.

ம்.

மூணாவது தடவை தரகர் வந்தது மார்கழியில.

"அவசரம்மா. இந்தத் தடவை மூணு பங்கு விலை."

"முடி இல்லீங்களே, அய்யா."

"பட்டியில நிக்குதே, அது என்ன?"

"அய்யய்யோ! மார்கழியில கத்திரி வைக்க மாட்டோங்க. ஆடு தாங்காது."

"ஒண்ணு செத்தா என்னம்மா? நான் குடுக்குற காசுல அஞ்சு வாங்கலாம்."

மாளம்மா கெம்பனத் திரும்பிப் பார்த்தா. அவன் ஏற்கெனவே கத்திரியத் தீட்டிக்கிட்டு இருந்தான், சர்ர் சர்ர்னு. "என்னக்கா பார்க்குற? நீ வெட்டலைன்னா பக்கத்து ஊர்க்காரன் வெட்டிக் குடுக்கப் போறான்."

வெட்டிட்டாங்க. ஊர்ல இருந்த ஆடு அத்தனையும் மொட்டை. தோலு ரோஸ் கலர்ல தெரியுது. அப்போ மலையில இருந்து காத்து இறங்குச்சு. ஊஊஊ... காலையில பார்த்தா நாலு ஆடு எந்திரிக்கல. மறுநாள் இன்னும் நாலு. குழி வெட்டி வெட்டிக் கை காப்புக் காய்ச்சுப்போச்சு. சரி, வேற ஆடு வாங்கிக்கலாம்னு பார்த்தா, எந்த ஊர்லயும் ஆடு இல்ல. எல்லா ஊருக்கும்தான் அந்தத் தரகர் போயிருக்காரே! கடைசியில ஊருக்கே ஒரே ஒரு ஆடுதான் மிஞ்சிச்சு. மாளம்மாவோட கருமூக்கி. அது சினையா இருந்துச்சு.

நெய்து முடிச்ச கம்பளிய அடுக்கி வச்சுட்டுக் காத்திருந்தாங்க. தரகர் வரல. தபால்காரர்தான் வந்தாரு. "தெரியுமா? சண்டை முடிஞ்சுபோச்சு!"ன்னாரு.

"நல்லதுதானே, அத்தை?"

நல்லதுதான் கண்ணு. பட்டணத்துல எல்லாம் வெடி போட்டாங்களாம். இந்த ஊர்ல மட்டும் எல்லாரும் அடுக்கி வச்ச கம்பளியத் திரும்பிப் பார்த்தாங்க.

அப்புறம் மாளம்மா கம்பளியத் தலையில தூக்கிக்கிட்டு சந்தைக்குப் போனா. அங்க பார்த்தா, வைக்கோல்போர் மாதிரி கம்பளி குவிஞ்சு கெடக்கு. "ஒரு கம்பளிக்கு ஒரு படி ராகி குடுங்க போதும்"னு கேட்டா. "ஒரு படியா? ஒரு பிடி ராகிக்கே ஒரு வண்டிக் கம்பளிய எடுத்துக்கோன்னு கெஞ்சுறாங்க, போம்மா!"ன்னான் கடைக்காரன்.

அப்புறம் அங்கயாவது விக்குமான்னு ரயிலடிக்குப் போனா. பட்டணத்து ஆலையில வேலை பார்த்தவங்க எல்லாம் மூட்டையும் முடிச்சுமா இறங்கி வர்றாங்க. "ஆலைய மூடிட்டாங்க தாயி. எங்களுக்கே சோத்துக்கு வழியில்ல, கம்பளி எதுக்கு?"

அப்புறம் தரகர் வீட்டுக்கே போனா. வாசல்ல குதிரையும் இல்ல, வண்டியும் இல்ல. உள்ள கூரை வரைக்கும் கம்பளி. அதுக்கு நடுவுல இருந்து தரகர் எட்டிப் பார்த்தாரு. கன்னம் ஒட்டிப்போயிருந்துச்சு. மாளம்மா வாயத் தெறக்கறதுக்குள்ள அவரே கேட்டாரு: "ஏம்மா, உங்க ஊர்ல ராகி ஏதாவது கெடைக்குமா?"

"ம்" சத்தத்தக் காணோமே, தூங்கிட்டியா?

"இல்ல."

காசு தீர்ந்துச்சு. கொலுசு போச்சு. கம்பளிக்குத் தடவ வச்சிருந்த புளியங்கொட்டைக் கஞ்சியக் குடிச்சாங்க. அதுவும் தீர்ந்துச்சு. வீடு முழுக்கக் கம்பளி, அதனால குளிர் இல்ல. பசி மட்டும்தான். ஒரு நாள் மூலையில உச் உச்னு சத்தம். மாளம்மா போயிப் பார்த்தா, பொம்மி கம்பளி முனைய வாயில வச்சு உறிஞ்சிக்கிட்டு இருக்கா. "அம்மா, இதுல கஞ்சி ருசி இருக்கும்மா."

மாளம்மா அந்தக் கம்பளிய வெடுக்னு பிடுங்கி, வெளியில மொட்டையா நின்ன கருமூக்கி மேல போத்திவிட்டா. அது முடி அதுக்கே திரும்பிப் போச்சு.

அப்போ கெம்பன் வந்தான். "அக்கா, அந்த ஆட்ட..."

"வாய மூடு. பங்குனியில குட்டி போடும். ஒரு கெடா, ஒரு பொட்டை போட்டாப் போதும். திரும்பப் பட்டி நிறையும். உனக்கும் ஒண்ணு தருவேன்."

"பங்குனி வரைக்கும் நாம இருந்தாத்தானே, அக்கா?"

"போடா!"ன்னு விரட்டிட்டா. மலையில போயிக் காஞ்ச தழையா ஒடிச்சுக்கிட்டு வந்து கருமூக்கிக்குப் போட்டா. வயித்துல கை வச்சுப் பார்ப்பா. உள்ள துள்ளும். "ரெண்டு இருக்குடி"ன்னு பொம்மிகிட்ட சொல்லுவா.

மாசி கடைசியில ஒரு நாள் பொம்மி எந்திரிக்கல. "எந்திரிடி"ன்னா, "கால் எங்க இருக்குன்னே தெரியலம்மா"ன்னா. மாளம்மா அவளப் பார்த்தா. ஆட்டப் பார்த்தா. திரும்ப அவளப் பார்த்தா. அப்புறம் போயிக் கெம்பன் வீட்டுக் கதவத் தட்டினா, டக் டக்னு.

கெம்பன் கத்தியோட வந்தான். வந்தவன் அழுதுட்டான். "என்னால முடியலக்கா." கத்திய அவளே வாங்கிக்கிட்டா. கருமூக்கி, அவ தழை கொண்டு வந்திருக்கான்னு நெனச்சு, மேன்னு ஒரு தடவை கூப்பிட்டுச்சு.

"அத்தை, வயித்துல குட்டி?"

இருந்துச்சு கண்ணு. ஒரு கெடா, ஒரு பொட்டை.

கறிய எல்லா வீட்டுக்கும் பங்கு வச்சுக் குடுத்தா. பொம்மி சூடா ரசம் குடிச்சா. "இன்னும் கொஞ்சம் குடும்மா"ன்னா. அன்னிக்குப் பொழைச்சுக்கிட்டா. ஆடு எங்கன்னு அவ கேட்கவே இல்ல.

அப்புறம் அந்த வருஷம் மழை பெஞ்சுது பாரு, சோன்னு! யாரும் அப்படி ஒரு மழையக் கண்டதில்ல. மலை முழுக்கப் புல்லு, இடுப்பு உசரத்துக்கு, பச்சைப் பசேல்னு. காத்து வந்தா அலை அலையா சாயும், சர சரன்னு. மேய ஒரு வாய் இல்ல. பொம்மி அதுக்குள்ள நடந்து போயி நின்னுக்கிட்டுக் கூப்பிட்டா: "அம்மா, இவ்வளவு புல்லு யாருக்கும்மா?"

மாளம்மா காலியாக் கெடந்த பட்டியோட படலச் சாத்தினா.

"அப்புறம்?"

அப்புறம்னு ஒண்ணும் இல்ல கண்ணு. கதை அந்தப் புல்லுலயே நின்னுடுச்சு. கண்ண மூடு. தூங்கு.