குனியாத வண்டி

“அக்கா, சீரங்கன் செத்ததுக்கு நான்தானே காரணம்?”

கதீஜா கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைத்தார்.

கேட்டவர் அருளப்பன். இருபத்தாறு வருடம் லாரி ஓட்டியவர். பார்வை மங்கி ஸ்டியரிங்கை விட்டபின், ஐம்பத்து மூன்றாம் வயதில், வண்டிகளின் பாரம் தாங்கும் வில்பட்டைகளைப் பொருத்தும் கதீஜாவின் கமான் பட்டைக் கடைக்கு வேலை கற்க வந்தார். கதீஜா அவரைவிடப் பதினைந்து வயது சின்னவர். தொழில் சொல்லிக்கொடுப்பவர் என்பதால் அக்கா என்றே கூப்பிடுவார்.

கதீஜா அதிகம் பேசமாட்டார். செய்து காட்டுவார். புரிந்தவர்கள் இருந்தார்கள். புரியாதவர்கள் வேறு கடைக்குப் போனார்கள்.

சீரங்கன் கொல்லிமலைக்காரன். பிக்கப் வண்டியில் அன்னாசியும் பலாவும் கீழே கொண்டுவருவான். பாரம் ஏற்றினால் வண்டி பின்பக்கம் தாழ்ந்துவிடுகிறது, மூன்று அங்குலம் தூக்கிக்கொடுங்கள் என்று கேட்டு வந்தான். ஒரு தடவை அல்ல, மூன்று தடவை.

ஒவ்வொரு தடவையும் கதீஜா ஒரே வார்த்தைதான் சொன்னார்.

“முடியாது.”

அடுத்து அவன் வந்த அன்று கதீஜா கடையில் இல்லை. அக்கா மகள் நிக்காஹ்வுக்குச் சேலம் போயிருந்தார்.

“வீட்டுக்காரி மலர் மாசமா இருக்காண்ணா,” என்றான் சீரங்கன். “நாலு நடையை மூணு நடையா முடிச்சா சாயங்காலம் வீட்ல இருக்கலாம்.”

அருளப்பனுக்கு இரண்டு பிள்ளைகள். இரண்டும் பிறந்தபோது அவர் எங்கோ வடக்கே லாரியில் இருந்தார்.

பக்கத்துக்கு இரண்டு பட்டை கூடுதலாகச் சேர்த்தார். வண்டி பின்னால் நிமிர்ந்து நின்றது. சீரங்கன் கிரீஸ் படிந்த அவர் கையைப் பிடித்துக் கொஞ்ச நேரம் விடவில்லை.

இருபதாம் நாள், பாரத்தோடு மலை இறங்கும்போது, வண்டி வளைவில் திரும்பாமல் நேராகப் போனது.

“சொல்லுங்கக்கா. நான்தானே?”

“வாங்கண்ணா,” என்று ஸ்கூட்டரைக் கிளப்பினார் கதீஜா.

போலீஸ் ஸ்டேஷனுக்குப் பின்னால் வேலிக்கருவேல மரத்தடியில் பிக்கப் கிடந்தது. முன்பக்கம் என்று ஒன்று இல்லை. அருளப்பன் எட்டவே நின்றுகொண்டார்.

கதீஜா மண்ணில் படுத்து வண்டிக்கு அடியில் போனார். வெளியே வர வெகுநேரம் ஆனது. சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தார்.

“பட்டை ஒண்ணுகூட உடையல. போல்ட் அசையல. சுத்தமான வேலை.”

அருளப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“திட்டுங்கக்கா. அடிக்கக்கூட அடிங்க. இப்படிச் சொல்லாதீங்க.”

கதீஜா அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“வண்டி பின்னால குனியறது கோளாறு இல்லண்ணா. போதும்னு சொல்லுது. நீங்க பட்டை சேத்ததும் அது குனியல. அவன் இன்னும் ஏத்தினான். பட்டை தாங்கிடுச்சு. பிரேக் பழைய பிரேக்தானே.”

“இதை அவன்கிட்ட சொன்னீங்களா?”

“இல்ல.”

“என்கிட்ட?”

கதீஜா தன் உள்ளங்கைகளைப் பார்த்தார்.

“சொல்லியிருந்தா ஒரு டீ குடிக்கிற நேரம் ஆயிருக்கும், அவ்வளவுதான். நான் முடியாதுன்னா முடியாதுதான், அதுக்கு எதுக்குக் காரணம் சொல்லணும்னு இருந்துட்டேன்.”

கதீஜா அழுது அருளப்பன் அதுவரை பார்த்ததில்லை.

“மலைக்குப் போகணும்க்கா,” என்றார் அருளப்பன்.

மறுநாள் காலை பஸ்ஸில் போனார்கள்.

சீரங்கன் வீட்டு வாசலில் அவன் அப்பா குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அண்ணன்கள் இருவர் விறகு பிளந்துகொண்டிருந்தார்கள். யாரும் வாங்க என்று சொல்லவில்லை. உள்ளே சீரங்கன் மனைவி மலர்க்கொடி சுவரில் சாய்ந்திருந்தாள். எட்டாம் மாதம்.

“பட்டை போட்டுக் குடுத்த அண்ணன் நீங்கதானா?” என்றாள். “வண்டி குதிரையாட்டம் நிக்குதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு.”

அருளப்பன் கும்பிட்டார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். திக்கித் திக்கி, சொன்னதையே திரும்பச் சொல்லி, கடைசியில் பிரேக் வரைக்கும்.

மலர்க்கொடி அழவில்லை. வயிற்றின்மேல் கையை வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தாள்.

“எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அவரு வண்டிலயே தூங்கிட்டாருன்னு ஊரே சொல்லுது. பொண்டாட்டி புள்ளை நெனப்பு இருந்தா தூங்குவானான்னு எங்க மாமனாரே கேக்கறாரு. நீங்க வண்டி தெரிஞ்சவங்க. அவரு தூங்கிட்டாரா?”

அருளப்பன் கதீஜாவைத் திரும்பிப் பார்த்தார்.

“நான் அடியில படுத்துப் பாத்தேன்மா,” என்றார் கதீஜா. “பின் சக்கரத்து பிரேக் டிரம் ரெண்டும் நீலம் பாரிச்சிருக்கு. லைனிங் கருகின வாடை இன்னும் போகல. அவ்வளவு சூடு ஏறணும்னா மேலேர்ந்தே பிரேக்க மிதிச்சிட்டு வந்திருக்கணும். கடைசி வரைக்கும் கால எடுக்கல.”

“அப்ப தூங்கல.”

“தூங்கலம்மா.”

அப்போதுதான் மலர்க்கொடி அழுதாள். குரல் எடுத்து, வாயைப் பொத்தாமல், சுவரில் தலையைச் சாய்த்து அழுதாள். வெகுநேரம் கழித்து முகத்தைத் துடைத்தாள்.

“எங்கிட்ட சொன்னாப் பத்தாது. வெளிய வந்து சொல்லுங்க. மாமா கேக்கணும். அவங்க அண்ணனுங்க கேக்கணும்.”

வாசலில் கோடரி விழும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அவன் தூங்கவில்லை என்று சொன்னால், பிறகு எப்படிச் செத்தான் என்பதையும் சொல்லியாக வேண்டும். இருவருக்கும் அது தெரிந்திருந்தது.

“நீங்க இங்கயே இருங்கக்கா,” என்று அருளப்பன் எழுந்தார்.

வாசலுக்கு வந்து தோள்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார்.

“பெரியவரே, உங்க மகன் தூங்கல. பிரேக்க மிதிச்சிட்டேதான் வந்திருக்கான். அந்த வண்டிய அளவுக்கு மீறித் தூக்கிப் பட்டை போட்டவன் நான்.”

கோடரிச் சத்தம் நின்றது.

பின்னாலிருந்து யாரோ வந்து அவர் தோளோடு தோள் நின்றார்கள்.

“அவருக்குத் தொழில் கத்துக்குடுத்தவ நான்,” என்றார் கதீஜா.