ராஜாவின் முழம்

செங்கால் நாடு, செங்கால் நாடு என்று முன்னொரு காலத்தில் ஒரு சீமை இருந்தது. அதை ஆண்டவர் வல்லபமாறன். நல்ல ராஜாதான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான்!

பாவம், அவர் ராணி செண்பகவல்லி போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. அவள் சாகக் கிடந்த அன்றைக்கு, "வைத்தியர் எங்கே?" என்று ராஜா கேட்க, "கூப்பிடு தூரம்தான்" என்றார்கள். அது வெகுதூரமாக இருந்தது; வைத்தியர் வருவதற்குள் உயிர் போய்விட்டது. அந்தக் கோபத்தில் ராஜா ஒரு இரும்புக்கோல் அடிக்க வைத்தார். "இனி நாடு முழுக்க இதுதான் அளவு. முழம், சாண், கூப்பிடு தூரம் எதுவும் கூடாது. பழைய அளவை யார் வைத்திருந்தாலும் பறிமுதல்!"

சபையில் கோடிலிங்கம் என்று ஒரு பிரதானி. மந்திரி பொறையனாரைக் கண்டாலே அவனுக்கு வயிறு எரியும். மந்திரியை முந்திக்கொண்டு ராஜாவிடம் நல்ல பெயர் வாங்க, பூக்காரி குப்பாயியைச் சபைக்கு இழுத்து வந்தான்.

"பிரபு, இவள் இன்னும் முழம் போட்டுத்தான் பூ விற்கிறாள். இவள் அளவுகோல் இவள் கைதான். அதை முதுகோடு சேர்த்துக் கட்ட உத்தரவு வேண்டும்!"

"ஐயோ சாமி! கையைக் கட்டிட்டா எதால பூத் தொடுப்பேன்? ரெண்டு புள்ளைங்க பசியாறணுமே!" என்று குப்பாயி அழுதாள்.

ராஜா இளகவில்லை. "சட்டம் எல்லாருக்கும் ஒன்று."

பொறையனார் எழுந்தார். "சத்தியமான வார்த்தை, அரசே. ஆனால் அரண்மனைக்குள்ளேயே ஒரு முழம் ஒளிந்திருக்கிறது. முதலில் அதைக் கட்டலாமே. சாயங்காலம் நந்தவனத்துக்குக் கோடிலிங்கம் கயிறோடு வரட்டும்."

கோடிலிங்கத்துக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சாயங்காலம் நந்தவனத்துத் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றான். இடுக்கு வழியாக ஒரு கை நீண்டது. காப்பு இல்லை, மோதிரம் இல்லை. கூடையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து, முழங்கையிலிருந்து விரல்நுனி வரை நிதானமாக அளந்தது.

"அகப்பட்டாயா திருட்டுக் கழுதை!" என்று பாய்ந்து கயிற்றைச் சுற்றி இறுக்கினான்.

பொறையனார் வந்து திரையை விலக்கினார். நின்றவர் ராஜா! ராணி போனதிலிருந்து அவர் நகை எதையும் தொடுவதில்லை. தினமும் அவள் படத்துக்கு அவரே பூ அளந்து வைப்பது மந்திரிக்கு மட்டும் தெரியும்.

கோடிலிங்கம் சாஷ்டாங்கமாக விழுந்தான். ராஜா அவனைப் பார்க்கவே இல்லை. கட்டுண்ட கையையே பார்த்தார்.

"பூக்காரி முழம் சின்னது, உங்கள் கையால் அளந்து கொடுங்கள் என்பாள் செண்பகவல்லி" என்றார். "மந்திரி, அந்த வார்த்தையைக் கேட்க வேண்டும் போலிருக்கிறது எனக்கு."

மறுநாள் உத்தரவு மாறியது. பாதைக்கும் வைத்தியர் வீட்டுத் தூரத்துக்கும் இரும்புக்கோல். பூவுக்குக் கை. கோடிலிங்கம் ஒரு மண்டலம் குப்பாயிக்குக் கூடை சுமக்க வேண்டும்.

அரண்மனைக்கு வந்து குப்பாயி ராணி படத்துக்குப் பூ அளந்தாள். கடைசியில் ஒரு துண்டுச் சரத்தையும் கூட வைத்தாள்.

"இது எதற்கம்மா?" என்றார் ராஜா.

"கொசுறுங்க சாமி. மகராசி கொசுறு கேக்காம ஒருநாளும் பூ வாங்கினதில்லை."

ராஜா, சந்தையில் பேரம் பேசும் பெண்பிள்ளை மாதிரி உள்ளங்கையை நீட்டினார்.

"இவ்வளவுதானா? இன்னும் கொஞ்சம் போடு தாயி. அவள் விடமாட்டாள்."