சார்ஜைக் காத்த மூவர்

கூளைப்பாளையத்தில் அறிவுக்குப் பஞ்சமே கிடையாது. செலவு செய்தால்தானே குறையும்?

அப்படிச் சேர்த்து வைத்திருந்தவர்களில் முதல் ஆள் நஞ்சப்பன். காட்டோரத்தில் அவனுக்கு ஒரு நேந்திரன் வாழைத் தோட்டம். மரத்துக்கு மரம் முட்டுக் கொடுத்து, பெற்ற பிள்ளை மாதிரி வளர்த்திருந்தான். விடிந்தால் தார் வெட்டு. அதற்குள் யானை புகுந்துவிட்டால் வருஷத்துப் பாடு மண்ணாகிவிடும். அந்தக் கவலையில் அவனுக்குச் சோறே இறங்கவில்லை.

வனக்காவலர் தங்கராசு இரக்கப்பட்டு, சார்ஜரோடு மூன்று வாக்கிடாக்கி செட்டு கொண்டுவந்தார். நஞ்சப்பனுக்கு ஒன்று, காவலுக்கு வந்திருந்த ராக்கியண்ணனுக்கும் அவினாசிக்கும் ஆளுக்கொன்று.

"யானையைப் பார்த்தா பட்டனை அமுக்கிச் சொல்லுங்க, என் செட்டுல கேக்கும். பட்டாசோட வந்துடறேன். ஆனா பேசினா சார்ஜ் வேகமா இறங்கும். சும்மா கேட்டுட்டிருந்தா ரொம்ப நேரம் நிக்கும். டொய்ங்னு சத்தம் வந்தா பேட்டரி தளர்ந்துபோச்சுன்னு அர்த்தம். உடனே சார்ஜ் போட்டுடுங்க."

அவர் போனதும் மோட்டார் ரூமில் மகாசபை கூடியது.

"பேசினா இறங்கிருமாம். அப்பறம் எதுக்குங்ணா இதைக் குடுத்தாரு?" என்றான் ராக்கியண்ணன்.

"கேக்கறதுக்குடா," என்றான் நஞ்சப்பன்.

"மூணு பேருமே கேட்டா, பேசறது ஆருங்?" என்று அவினாசி குறுக்கே விழுந்தான்.

நஞ்சப்பன் கண்ணை மூடி யோசித்தான். அவன் யோசிக்கும்போது பக்கத்தில் யாரும் மூச்சுக்கூட விடமாட்டார்கள்.

"ஆரும் பேச வேண்டாம். சார்ஜ் அப்படியே நிக்கும்."

நஞ்சப்பன் மோட்டார் ரூமிலும், மற்ற இருவரும் தோட்டத்தில் ஆளுக்கொரு மூலையிலும் செட்டைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். மூன்று செட்டும் விடிய விடிய ஒரு வார்த்தை பேசவில்லை. இவ்வளவு ஒழுங்கான செட்டுகளைப் பார்த்ததே இல்லை என்று நஞ்சப்பனுக்குப் பெருமை பிடிபடவில்லை.

கிழக்கு வெளுக்கும்போது ராக்கியண்ணன் ஓடி வந்தான்.

"அண்ணா, யானை வந்திருச்சுங்! செட்டுல சொல்லட்டுங்களா?"

"எத்தன?"

"ஒண்ணுங்."

"ஒத்த யானைக்கா சார்ஜை அழிக்கறது? கூட்டமா வந்தா என்னடா பண்ணுவ?"

ராக்கியண்ணன் வெட்கப்பட்டுத் திரும்பிப் போனான். கொஞ்ச நேரத்தில் அவினாசியையும் கூட்டிக்கொண்டு வந்தான். இப்போது கூட்டமே வந்துவிட்டதாம். மரம் முறியும் சத்தம் மோட்டார் ரூம் வரை கேட்டது. நஞ்சப்பன் செட்டைத் தூக்கினான். இனிப் பொறுக்க முடியாது என்று பட்டனில் விரலை வைத்தான்.

டொய்ங் என்றது செட்டு. மற்ற இரண்டும் கூடவே கத்தின.

"ராத்திரி பூரா ஒரு வார்த்தை பேசலியேடா! எப்படித் தளந்துச்சு?"

"கேட்டதுலதானுங்ணா," என்றான் அவினாசி. "ஒண்ணுமே இல்லாததை விடிய விடியக் கேக்கறது லேசுப்பட்ட காரியங்களா?"

"உடனே சார்ஜ் போடச் சொன்னாரு. உடனேன்னா உடனேதான்," என்று நஞ்சப்பன் முடிவு சொன்னான்.

மூன்று செட்டையும் சார்ஜரில் மாட்டினார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது. மூவரும் குத்தவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியே யானைகளும் அவசரப்படவில்லை.

வெயில் நன்றாக ஏறிய பிறகு விளக்கு பச்சையானது. நஞ்சப்பன் வெளியே வந்து பார்த்தான். ஒரு மரம்கூட நிற்கவில்லை. முட்டுக் கொடுத்த கம்புகள்தான் அங்கங்கே நின்றன. தலையில் கை வைத்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதான். அழுது முடித்து, மூக்கைத் துடைத்துக்கொண்டு, சொன்ன சொல் தவறாமல் பட்டனை அமுக்கினான்.

"ஐயா, யானை வந்துச்சுங்."

"எங்க? எப்ப?"

"விடியால வந்துச்சுங். எல்லாத்தையும் தின்னுபோட்டுப் போயிருச்சுங். ஆனா சார்ஜ் முழுசா இருக்குதுங்."

தங்கராசு கத்த ஆரம்பித்தார். விரலைப் பட்டனிலிருந்து எடுக்கவே இல்லை. நஞ்சப்பனின் புத்தியில் தொடங்கி, அவன் பரம்பரையை ஒவ்வொருவராக விசாரித்து, முப்பாட்டனை நெருங்கும்போது குரல் பொசுக்கென்று அடங்கிவிட்டது.

நஞ்சப்பன் செட்டைப் பார்த்து உச்சுக்கொட்டினான். "பாவம், நல்ல மனுசன். ஒரே மூச்சாப் பேசிப் பேட்டரியைத் தீத்துப்போட்டாரு. நம்ம சார்ஜரைத் தூக்கிக்கிட்டு ஓடுங்கடா! இன்னைக்கும் யானை வந்தா, அவரு இல்லாம இந்தத் தோட்டத்தை எப்படிக் காப்பாத்தறது?"