கட்டாரிக்கு வாழ்க்கைப்பட்டவள்

கட்டாரி என்றால் என்ன என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஒரு சாண் நீளம், இரண்டு பக்கமும் கூர், ஊசி முனை. வெட்டுவதற்கு உதவாது, குத்துவதற்கு மட்டுமே ஆகும். கொன்றையாண்டிபுரம் ஜமீனில் மட்டும் அதற்கு இன்னொரு உபயோகம் இருந்தது. அங்கே அது மணையில் உட்காரும்.

ஜமீன்தார் விசயரங்கத் துரை தமக்குச் சமமான வீட்டில் பெண் எடுத்தால் குதிரையேறி நேரில் போவார். குறைந்த வீடு என்றால் அவர் கால் அந்த வாசலில் படாது. அவருடைய இடுப்புக் கட்டாரி பல்லக்கில் போகும். அதற்கு மாலை போட்டு, மாப்பிள்ளை என்று சொல்லி, பெண்ணுக்குத் துரையின் தமக்கை தாலி கட்டுவாள். 'இரவும் பகலும் துரையின் இடுப்பில் கிடப்பதால் கட்டாரி அவர் உடம்பில் பாதி. அது வந்தால் அவரே வந்தது போல' என்று சாத்திரம் வேறு சொல்லி வைத்திருந்தார்கள். இப்படி வாழ்க்கைப்பட்ட மூன்று பெண்கள் ஏற்கெனவே அரண்மனைக்குள் இருந்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் அந்தக் கத்தியின் முன்னால் விழுந்து கும்பிட்டதுதான் சகிக்க முடியாத கூத்து.

நான்காவதாக ஆவுடைத்தங்கத்தின் வீட்டுக்கு ஓலை வந்தது. அவளுக்கு இதில் துளியும் இஷ்டமில்லை.

"கத்திக்குக் கழுத்த நீட்டவா என்னயப் பெத்தீய?" என்று தகப்பனைக் கேட்டாள்.

தகப்பன் பெயர் மந்திரமூர்த்தி. பெயரில் இருந்த கம்பீரம் ஆளிடம் இல்லை. "வாய மூடு தாயி. தொர வீட்டுச் சம்பந்தம் நமக்கெல்லாம் கெடைக்குமா?" என்று கெஞ்சினார்.

முகூர்த்த நாளில் பல்லக்கு வந்தது. ஆயுதக் கொட்டடிக் காவலன் இருளாண்டி கட்டாரியைத் தாம்பாளத்தில் ஏந்தி வந்து, "தொர வந்திருக்காக" என்று ஊருக்கெல்லாம் கேட்கச் சொல்லி மணையில் வைத்தான். ஆவுடைத்தங்கம் தலையைக் குனிந்தபடியே மாப்பிள்ளையை நன்றாகப் பார்த்தாள். ஆட்டுத்தோல் உறை, அதிலும் ஓரத்தில் ஒட்டுப் போட்டிருந்தது. பிடியில் பொன்னும் இல்லை, பூணும் இல்லை. துரையின் தமக்கையும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் தாலியைக் கட்டினாள். வெயில் ஏறுவதற்குள் வீடு திரும்பவேண்டும் என்பதுதான் அந்த அம்மாளின் கவலை.

ஆவுடைத்தங்கத்தின் அத்தை மகன் சங்கரபாண்டியும் பந்தியில் உட்கார்ந்து, பாயசத்தை இரண்டு முறை கேட்டு வாங்கிக் குடித்தான். அவளைக் கட்டிக்கொள்ள முறை உள்ளவன் அவன்தான். அன்றைக்கு அதைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அதே நாளில் துரை பன்றி வேட்டைக்குப் போயிருந்தார். தம் இடுப்புக் கட்டாரியாலேயே ஒரு பன்றியைக் குத்திச் சாய்த்ததாக அவர் அடித்த தம்பட்டம் மறுநாள் ஊர் முழுக்கப் பரவியது. ஆவுடைத்தங்கத்தின் காதிலும் விழுந்தது. மூன்றாம் நாள் அவளை அழைத்துப் போகப் பல்லக்கு வந்தபோது அவள் ஏறவில்லை.

"எனக்கு வந்த கட்டாரி யாரோடது? அதச் சொல்லுங்க, பெறகு ஏறுதேன்" என்று வாசலிலேயே நின்றுவிட்டாள்.

விவகாரம் அரண்மனையில் திவானின் சபைக்குப் போயிற்று, ஆவுடைத்தங்கமும் போய் நின்றாள். இருளாண்டியை விசாரித்ததில் உண்மை வெளியே வந்தது. "வேட்டைக்குத் தன்னோடது வேணும், கொட்டடியில இருந்து ஒண்ண எடுத்துட்டுப் போன்னு எசமான் சொன்னாக. அங்க இருந்ததெல்லாம் துருப்பிடிச்சுக் கெடந்துது. அதான் என் இடுப்புல இருந்தத எடுத்துட்டுப் போனேன்."

துரை சிரித்தார். "யார் கட்டாரியா இருந்தா என்ன? அனுப்பினது நான். பெண் எனக்கு."

இருளாண்டிக்கு அதுவரை இல்லாத தைரியம் எங்கிருந்தோ வந்தது. "கட்டாரி என்னோடதுன்னா பொண்ணும் எனக்குத்தான எசமான்?" என்றான். வீட்டில் பெண்டாட்டியும் நான்கு பிள்ளைகளும் இருப்பது மகானுக்கு மறந்துபோயிற்று.

"ரெண்டும் செல்லாதுன்னா மொறை எனக்கு" என்று சங்கரபாண்டி முன்னால் வந்தான். குடித்த பாயசம் செரித்துவிட்டது போலும்.

சந்தையில் கேட்பாரற்றுக் கிடக்கும் மூட்டையைப் பங்கு கேட்பது போல மூன்று பேரும் பேசினார்கள். அவளை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஆவுடைத்தங்கத்துக்குக் காறித் துப்பலாம் போல வந்தது. சபையாயிற்றே என்று விழுங்கிக்கொண்டாள். வழக்குத் தோற்றால் இந்த மூன்று பேரில் ஒருவனோடு ஆயுள் முழுக்கக் காலந்தள்ளவேண்டும்.

இனி நீங்கள் திவானின் இடத்தில் உட்காருங்கள். அந்த ஜமீனின் வழக்கத்தை ஓர் இம்மியும் மாற்றாமல் சொல்லுங்கள்: ஆவுடைத்தங்கம் யாருடைய மனைவி?

விடை: ஒருவருக்கும் மனைவி இல்லை. இடுப்பில் கிடப்பதால்தான் கட்டாரி துரைக்குச் சமம். அன்று அது அவரோடு காட்டில் பன்றியின் விலாவில் இருந்தது. ஆகவே துரை கல்யாணத்துக்கு வரவேயில்லை. இருளாண்டியின் கட்டாரி வந்தது நிஜம். ஆனால் ஊரறிய அவன் அதைத் துரை என்று சொல்லித்தான் மணையில் வைத்தான். தன்னை மாப்பிள்ளை என்று சொல்லவில்லை. சங்கரபாண்டியோ அவளை இன்னொருவனுக்குக் கொடுக்கச் சம்மதித்துப் பந்தியில் உட்கார்ந்தவன். திவானும் இதையேதான் சொன்னார், துரையின் முகத்தைப் பார்க்காமல். ஆவுடைத்தங்கம் தாலியைக் கழற்றித் திவானின் முன்னால் வைத்துவிட்டு நடந்தாள். துரை ஆத்திரத்தோடு எழுந்தார். அப்போது அந்தப்புரத் திரைக்குப் பின்னாலிருந்து, முன்பு கட்டாரிக்கு வாழ்க்கைப்பட்ட மூவரில் மூத்தவளின் குரல் கேட்டது: "இருளாண்டி, எங்க மூணு பேருக்கும் வந்தது யாரு கட்டாரி?" இருளாண்டி துரையைப் பார்த்தான். துரை உட்கார்ந்துவிட்டார்.